சமபந்திக்கு மறுநாள்

பல்கலைக்கழக வளாகங்களில் ஒற்றுமையை வளர்க்கும் நிகழ்ச்சிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. சமத்துவப் பொங்கல், ஓணம் பூக்கோலம், இஃப்தார், 'நம் ஊர் உணவு' திருவிழா, எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டு நடக்கும் நடைப்பயணம். நான் வேலை பார்க்கும் இடத்திலும் எல்லாம் உண்டு. நிகழ்ச்சிக் குழுவில் ஆறேழு வருடமாக என் பெயர் இருக்கிறது. புகைப்படங்களில் வேட்டி கட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே வெளியே நின்று கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. இந்த விழாக்களில் யார் யாரை வரவேற்கிறார்கள் என்ற கேள்விதான் கொஞ்ச நாளாக என்னை விடாமல் குடைகிறது.

தமிழில் சேர்தல் வேறு, சேர்த்தல் வேறு. "சேர்ந்து இருக்கிறோம்" என்று சொல்லும்போது அதில் எல்லாரும் எழுவாய். "சேர்த்துக்கொண்டோம்" என்றதும் ஒருவர் வாசலுக்கு உள்ளே நிற்கிறார், இன்னொருவர் வெளியே நிற்கிறார். சுற்றறிக்கைகளில் வரும் 'உள்ளடக்குதல்' என்ற சொல்லையும் உடைத்துப் பாருங்கள், உள்ளே ஓர் 'அடக்குதல்' உட்கார்ந்திருக்கும். சொல்லாராய்ச்சியை இதற்கு மேல் இழுக்க விரும்பவில்லை.

கல்விக்கூடமும் பந்தியும் மோதிய பழைய கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்து, உழைத்து, தேசத்துக்குத் தயாராக வேண்டும் என்பது அதன் கனவு. காங்கிரஸ் பணம் தந்தது, பொதுமக்களும் தந்தார்கள். அங்கே ஒரு சில பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது தெரியவந்ததும், 1924-25-ல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரும் பிரச்சினையாக எழுப்பினார்கள். இன்றும் ஐயர் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வது, "ஒன்றிரண்டு பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கு, மற்றதிலெல்லாம் ஒன்றாகத்தானே இருந்தார்கள்?" என்பதுதான். நம் காலம் இதைத் தலைகீழாக்கிவிட்டது. வருடத்தில் ஒரு நாள் ஒரே பந்தியில் சாப்பிடுகிறோம், மற்றதில்தான் தனித்தனி.

ஒன்றாகச் சாப்பிடுவது மட்டும் சாதியை அசைக்காது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று நாம் படிக்கும் அந்த உரைக்கு நேர்ந்த கதி அதன் வாதத்தைப் போலவே முக்கியமானது. லாகூரில் சாதியை ஒழிக்கவென்றே தொடங்கிய ஒரு சங்கம் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகள் அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டன. அவர் ஒரு வரியையும் மாற்ற மறுத்தார். மாநாடு ரத்தானது, அவர் உரையைத் தானே அச்சிட்டார். அழைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரைப்போல, இந்தச் சுவரையே இடிக்க வேண்டும் என்று பேசியதுதான் அவர்களால் தாங்க முடியாமல் போனது.

முதலாமாண்டு மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் அறிமுக விளையாட்டைப் பாருங்கள். வட்டமாக உட்கார்ந்து பேரு, ஊரு, கட்-ஆஃப் சொல்ல வேண்டும். கூச்சம் போக்கும் விளையாட்டு. ஆனால் தமிழ்நாட்டில் கட்-ஆஃப் வெறும் மதிப்பெண் இல்லை; எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று வாய்விட்டுக் கேட்காமல் கேட்கும் வழி. ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "அங்க எந்தத் தெரு?" கேட்கிறவன் பெரும்பாலும் சிரித்த முகத்தோடுதான் கேட்பான். பதில் சொல்பவனுக்கு அது நுழைவுத் தேர்வுக்குப் பிறகு வரும் இன்னொரு நுழைவுத் தேர்வு. அன்று சாயங்காலத்துக்குள் யார் யாரோடு அறையில் இருப்பது, எந்த சீனியர் யாருக்குப் பழைய கேள்வித்தாளும் நோட்ஸும் தருவான், எந்தப் பேராசிரியரிடம் ப்ராஜெக்ட் செய்தால் வேலை கிடைக்கும் என்பதை யார் காதில் போடுவான் என்பதெல்லாம் முடிவாகிவிடும். பந்தியில் பரிமாறப்படாத சரக்கு இதுதான். நான்கு வருடம் கழித்து ஒருவன் எங்கே போய் நிற்கிறான் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

எங்கள் விடுதியில் ஒரு மாணவன், அரசு உதவித்தொகையில் படிப்பவன். மூன்று சமத்துவப் பொங்கலுக்கு வந்திருக்கிறான், மூன்றிலும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். நாலாம் வருடம் முதல்முறையாக மெஸ் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "சார், இந்தச் சாம்பார வாயில வைக்க முடியல" என்றான். பக்கத்தில் இருந்த நிர்வாகி ஒருவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "ஓசிச் சோறு திங்கறவனுக்கு வாயப் பாரு." பொங்கலன்று அவனுக்கு இலை போட்டுப் பரிமாறியவரும் அவர்தான். இரண்டிலுமே அவர் நடிக்கவில்லை. விருந்தாளிக்கு அவர் உண்மையாகவே அன்போடு பரிமாறினார். விருந்தாளி சாம்பாரைக் குறை சொன்னது உண்மையாகவே அவருக்குப் பொறுக்கவில்லை.

விருந்துக்குப் போன வீட்டில் உப்பு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சொந்த வீட்டில்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறோம். மும்பை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் 2023-ல் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கென்று சில மேசைகளை ஒதுக்கினார்கள். அதை எதிர்த்து அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒரு ஏற்பாடு வரும்போது, அது யாருடைய நிம்மதி என்று கேட்கிறவர்தான் குழப்பக்காரர் ஆகிறார்.

கணிதத் துறை நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப சண்டை போட்டுக்கிறதுதான் ஒத்துமையா?" என்றார். கோலப் போட்டியில் பழகி இன்றுவரை பிரியாமல் இருக்கும் இரண்டு பெண்களை உதாரணம் காட்டினார். மறுக்க முடியாது. விழா இல்லாவிட்டால் அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள். விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவுமில்லை. அது கோப்புக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும், பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. நடப்பில் நான் பார்த்த கோப்புகளில் விழாப் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், புகார்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் இருக்கும். அதை எல்லாரும் நற்சான்றாகப் படிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் வளாகத்தில் ஒருவருக்குக்கூட ஒரு குறையும் இல்லையென்றால், குறை சொல்லும் அளவுக்கு அதைத் தன் இடமாக நினைப்பவர் எத்தனை பேர் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சாம்பார்ப் பையன் இப்போது எங்கள் வளாகத்திலேயே முதுகலை படிக்கிறான். மெஸ் கமிட்டியில் மாணவர் பிரதிநிதி. தக்காளி விலையிலிருந்து கேஸ் சிலிண்டர்வரை எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கிறான். கமிட்டியில் பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காது. போன வாரம் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சார், பொங்கலுக்கு வாழை இலை ஒன்னு எட்டு ரூபான்னு போட்டிருக்கீங்க. எந்தக் கடை?"

பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.