பள்ளித் தோழர்க்கு உரிய கடன்

ஒருவர் சிவபதமடைந்தால் யார் யாருக்குத் துடக்கு என்பது நம்மூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பெற்றார், பிள்ளைகள், சகோதரர், பங்காளிகள் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. 31 ஆம் நாள் கிரியைகள் நிறைவேறும் வரை அவர்கள் கோயிலுக்குள் போவதில்லை. அதன்பின் ஆண்டுத் திவசம், தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று கடமைகள் தொடர்கின்றன. இந்த ஒழுங்கிலே பள்ளித் தோழனுக்கு இடம் இல்லை. பத்து வருடம் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவன் இறந்தாலும், செத்தவீட்டுக்குப் போய்வந்து முழுகிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அப்படியாயின் அவனுக்குக் கூடப் படித்தவர்கள் செய்ய வேண்டியது வேறொன்றும் இல்லையா?

இல்லறத்தான் பேணவேண்டியவர்கள் என்று திருவள்ளுவர் பிதிரர் முதலாக ஐந்து பேரைச் சொன்னார். சுற்றத்தாருக்கு அங்கே இடம் உண்டு, நண்பருக்குத் தனியிடம் இல்லை. ஆனால் அதே வள்ளுவர் பொருட்பாலில் நட்புக்கென்று 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றில் ஒன்று, ஆராய்ந்தே நட்புக் கொள்ளவேண்டும் என்பது. இது பள்ளித் தோழருக்குப் பொருந்துமா? அவர்களை யாரும் ஆராய்ந்து தெரிவதில்லை. ஆசிரியர் உயரம் பார்த்து இருத்திவிட்டார், அவ்வளவுதான். தெரிவு செய்யாமலே கிடைத்ததால் அது இரத்த உறவைப் போன்றது. கிரியை ஏதும் விதிக்கப்படாததால் நட்பைப் போன்றது. அடுத்து வரும் பழைமை என்ற அதிகாரமே இவர்களுக்கு ஏற்றது. நெடுநாட் பழக்கத்தால் வரும் உரிமையையும், அந்த உரிமையால் நேரும் பிழைகளைப் பொறுப்பதையும் அது பேசுகிறது.

அறுபது வயதில் ஒருவர் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி அவரை முப்பது வயதிலிருந்து அறிவார். பிள்ளைகள் அறிந்தது நரை விழத் தொடங்கிய தகப்பனை. தாய் தந்தையர் முன்பே போய்விட்டார்கள், சகோதரர்கள் ஆளுக்கொரு நாட்டில். அப்படியானால் அந்தப் பதினாலு வயதுப் பையனை அறிந்தவர் யார்? கணக்குப் பாடத்தில் வாங்கின்மேல் ஏறி நின்றவனை, கொண்டுவந்த பாணில் பாதியைப் பிய்த்துப் பக்கத்திலிருந்தவனுக்குக் கொடுத்தவனை, பந்து எடுக்க வேலி பாய்ந்து காற்சட்டை கிழித்தவனை அறிந்தவர்கள் கூடப் படித்தவர்கள் மட்டுமே. அவர்களும் மறந்துவிட்டால் அந்தப் பையன் இவ்வுலகில் இருந்ததற்கே சாட்சி இல்லை. 31 ஆம் நாள் வெளியிடும் கல்வெட்டிலே அவன் இருக்கமாட்டான். அங்கே இருப்பவர் "இளமையிலேயே கல்வியில் சிறந்து விளங்கிய" ஒரு பெரியவர். பெயரை மாற்றினால் அந்தக் கல்வெட்டு அடுத்த வீட்டுக்காரருக்கும் பொருந்தும். (கல்வெட்டுப் பாடுவோர் கோபிக்கக்கூடாது.)

இறந்தவரைப் பற்றிக் குறை பேசலாகாது என்பது நல்ல வழக்கந்தான். ஆயினும் உள்ளபடி நினைப்பது குறை பேசுவதாகாது. பரீட்சையில் பார்த்தெழுதி அகப்பட்டதைச் சொல்லிச் சிரிக்கலாம். பிற்காலத்தில் குடும்பத்தை நோகச் செய்ததை விதவையின் முன் சொல்வது அறமன்று. இந்த வேறுபாடு நெஞ்சுள்ள எவருக்கும் தெரியும்.

கடினமான இடம் வேறொன்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில் பத்தாம் வகுப்பிலிருந்த ஒரு வகுப்பின் வரவு இடாப்பை இன்று விரித்தால் என்ன தெரியும்? சிலர் எழுதுவினைஞராகக் கொழும்புக்குப் போனார்கள். 1983 ஜூலைக்குப் பின் சிலர் வெளிநாடு சென்றார்கள். சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், அதுவும் ஒரே இயக்கத்துக்கல்ல. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் வழியிலேயே நோயுற்றவர், 2004 டிசெம்பர் 26 இல் கடலோடு போனவர், 2009 இல் வன்னியிலிருந்து திரும்பாதவர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. 2020, 2021 இல் கொரோனாவால் வெளியூர்களில் இறந்தவரின் கிரியையைத் தொலைபேசித் திரையில் பார்த்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு நாளில் ஆத்மசாந்திப் பிரார்த்தனை செய்வோம் என்று எஞ்சியவர்கள் கூடினால், ஒரு பெயரில் வந்து தடைப்படும். "அவன்ரை பேர் வேண்டாம். அவையளாலைதான் எங்கடை அண்ணனை இழந்தம்" என்பார் ஒருவர். அந்த அண்ணனும் அதே பாடசாலைப் பிள்ளையாயிருப்பான்.

இதற்கு என்ன விடை? மகாபாரதத்தில் ஸ்திரீ பருவத்தை ஏடு விரித்துப் படிப்பவர்கள் குறைவு. போர் முடிந்தபின் தருமர் இரு பக்கத்தாரையும் தகனஞ் செய்விக்கிறார். தூர தேசங்களிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்தவர்களையும் திரட்டி எரியூட்டும்படி விதுரருக்குக் கட்டளையிடுகிறார். பின் கங்கைக் கரையில் நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்திதேவி வாய் திறக்கிறாள். எதிரி என்று எண்ணிக் கொன்ற கர்ணன் மூத்த தமையன் என்பது தருமருக்கு அப்போதுதான் தெரிகிறது. அவனுக்கும் நீர் இறைத்தார்.

ஆனால் தருமர் அரசர், கட்டளையிட்டால் நடக்கும். தமையனை இழந்தவருக்குப் பொறுத்துக்கொள் என்று கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. நினைப்பது வேறு, பொறுப்பது வேறு. பெயரை வாசிப்பதால் அவன் செய்தது சரியென்று ஆகிவிடாது. இடாப்பில் இருந்தவன் இருந்தவன்தான் என்பது மட்டுமே அதன் பொருள். ஆகவே பெயர் இருக்கட்டும். அது வாசிக்கப்படும்போது வெளிவீதியில் போய் நிற்க விரும்புபவர் நிற்கட்டும். அதையும் குறையாக எவரும் சொல்லக்கூடாது.

சாத்திரமும் தோழரை முற்றாக மறக்கவில்லை. மாளய பட்சத்தில் காருண்ய பிதிரர் என்ற வரிசையில் ஆசிரியருக்கும் நண்பருக்கும் எள்ளும் நீரும் உண்டு. தர்ப்பணம் முடிவில் தர்ப்பையை அவிழ்த்து விடும் நீர், தாய் தந்தையும் உறவும் நட்பும் இல்லாதவர்க்கென்றே விடப்படுகிறது. நட்பில்லாதவனைத் தாயில்லாதவனோடு சேர்த்து எண்ணியவர்கள் நம் முன்னோர். சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் அவர் தோழர் சேரமான் பெருமாளுக்கும் குருபூசை ஒரே நாள், ஆடிச் சுவாதி.

நடைமுறையில் வரும் சிக்கல் சிறியது. குருக்கள் நட்சத்திரம் கேட்பார், திதி கேட்பார், கோத்திரம் கேட்பார். கூடப் படித்தவர்களுக்கு அவை தெரியாது. திதி தெரியாதவருக்கு அமாவாசை, கோத்திரம் தெரியாதவருக்குச் சிவகோத்திரம் என்று வழி இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு: யாருக்குப் பின் யார் பெயர் கூப்பிடுவார்கள் என்பது. ஆகவே இறந்த ஒழுங்கில் எழுதாமல் இடாப்பின் ஒழுங்கிலேயே எழுதிக் கொடுக்கலாம். நடுவில் ஒருவனுடைய தகப்பன் பெயரின் முதலெழுத்து நினைவுக்கு வராமற் போகும். அதற்காக இரவு பத்து மணிக்கு யாராவது கனடாவுக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.