பெட்டி பேசக் கூடாது

அறந்தாங்கியில் எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களும் இடுப்புக்கு மேல் உயரம். மூன்று வருட வார விடுமுறைகளில் நானே செய்தவை. பலகை அறுத்தது மட்டும் ஆசாரி. போன பொங்கலுக்கு அவற்றைப் பார்க்க வந்த சித்தப்பா பாட்டு எதையும் போடச் சொல்லவில்லை. விரலை மடக்கிப் பெட்டியின் பக்கவாட்டில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "பரவால்லடா தம்பி, பெட்டி பேசல" என்றார்.

நாற்பது வருடம் மைக் செட் போட்டவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சுற்றுவட்டாரம் முழுக்க மரத்துக்கு மரம் குழாய் கட்டியவர். ஹை-எண்ட் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் அந்த உலகத்தின் முதல் விதியை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்.

ஸ்பீக்கருக்குப் பெட்டி எதற்கு? கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகளில் ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸ் இருக்காது. பின்பக்க அலையை அடைத்துவைக்கத்தான் பெட்டி. காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும் அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் இருவரும் 1925இல் விளக்கி எழுதினார்கள். நூறு வருடம் கழித்தும் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு அடிப்படை அதுதான். மீதியில் பெரும்பகுதி பெட்டியோடு நடக்கும் சண்டை. உள்ளே அடைபட்ட அலை பலகையை அதிரவைக்கும். பலகையின் பரப்பு கூம்பைவிடப் பல மடங்கு பெரிது. மயிரிழை அசைந்தால்கூட அதுவும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். அதனால்தான் 25 மில்லிமீட்டர் பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், தூக்க முடியாத எடை.

அடுத்த சிக்கல் அலைநீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 8.5 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸில் அது மூன்றரை சென்டிமீட்டர்தான். இரண்டையும் ஒரே கூம்பு நன்றாகத் தருவது கடினம். ஆகவே தாழ்ந்ததற்குப் பெரிய கூம்பு, உயர்ந்ததற்கு ட்வீட்டர். பேஸுக்குப் பெட்டிக்குள் நிறையக் காற்று வேண்டும். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் நிற்கும் உயரமான பெட்டி இப்படித்தான் வந்தது. ஒலியைப் பிரித்து அனுப்புவது கிராஸோவர் என்ற சுற்று: சில கம்பிச்சுருள்கள், சில கெபாசிட்டர்கள். பிரித்து ஒட்டிய இடம் காதுக்குத் தெரியக் கூடாது. கொச்சியில் ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக்கலைஞர் தொடங்கிய ரெத்ம் நிறுவனம் வேறு வழியில் போகிறது. குரல் வரும் பகுதியைப் பிரிக்காமல் ஒற்றைக் கூம்பிடம் விட்டுவிட்டு, பேஸை மட்டும் தனியே கொடுக்கிறார்கள். வழிகள் வேறு, ஆசை ஒன்று. நடுவில் நிற்பவன் தெரியக் கூடாது.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த ஆசை புதிதில்லை. பக்கத்து ஆவுடையார்கோயிலில் கருவறையில் ஆவுடை மட்டும்தான், மேலே லிங்கம் கிடையாது. பீடம் இடம் விட்டு நிற்கிறது. ஆனால் வெற்றிடத்துக்கு முன்னால் நிற்பவன், தான் கொண்டுபோனதையே அங்கே பார்த்துவிட்டுத் திரும்பும் ஆபத்தும் உண்டு. என் முன்னறையில் எனக்கு நடந்தது அதுதான்.

"இதுல எதுக்குடா ரொம்பச் செலவு?" என்று சித்தப்பா கேட்டார். ட்வீட்டருக்குப் போகும் வழியில் இருந்த கெபாசிட்டரைக் காட்டினேன். முதலில் போட்டது முந்நூறு ரூபாய். பிறகு மாற்றியது ஒன்பதாயிரம், ஒவ்வொரு பெட்டிக்கும். இரண்டும் அளவில் ஒன்றுதான், வகையும் ஒன்றுதான். மாற்றிய அன்று ராத்திரி பாடகியின் குரல்மேல் இருந்த திரை விலகியது போல இருந்தது. அலுவலகத்தில் ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த ஒரு தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன். அவனும் வாங்கினான், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாதப் பணத்தில் கைவைத்து.

சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. பழைய கெபாசிட்டரைக் கேட்டு வாங்கி, தன் பெட்டியிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொள்கிற மாதிரி வயர் கொடுத்தார். கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து நடுவில் கட்டினார். அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் காசு சுண்டிப் பார்த்து சுவிட்சை வைத்தார். "எது பெருசு, சொல்லு."

இருபது முறை. பதினொன்று சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும். நடுவில் மூன்று முறை தொடர்ந்து காசு ஒரே பக்கம் விழ, அவர் சுவிட்சைத் தொடவே இல்லையாம். அந்த மூன்றிலும் நான் வித்தியாசம் கேட்டிருந்தேன்.

இது என் காதின் தனிக்குறை இல்லை. 1994இல் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் தங்கள் ஊழியர்கள் 40 பேரை வைத்து ஸ்பீக்கர்களைத் திரைபோட்டும் போடாமலும் மதிப்பிடச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின. சிறிய, மலிவான ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் பெற்ற மதிப்பைத் திரை விலகியதும் இழந்தது. அனுபவசாலிகளும் இதற்குத் தப்பவில்லை.

சரி, அதனால் என்ன? எனக்குச் சந்தோஷமாக இருந்தது, யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. அன்று ராத்திரி வந்த சந்தோஷம் போலி இல்லை. அதற்குக் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு. எனக்குள்ளேயே வைத்திருந்தால் அது என் பதினெட்டாயிரத்தோடு போயிருக்கும். ஆனால் "நான் கேட்டேன்" என்று இன்னொருவனிடம் சொன்ன கணத்தில் அது சாட்சி ஆகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, மனசார நம்பித்தான் சொன்னேன். அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எதுவென்று தெரியும். எங்கே நிறுத்தலாம் என்றும் தெரியும். நம்பிச் சொல்கிறவனுக்கு அந்தப் பிரேக்கும் இல்லை. மனசாரச் சொல்வது ஒன்று, உண்மையைச் சொல்வது இன்னொன்று. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

என் வேலையில் இது எனக்குத் தெரிந்த பாடம்தான். நான் எழுதிய கோடை நானே பார்த்து "சரியா இருக்கு" என்றால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே அதை அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. என் காது விஷயத்தில் மட்டும் அந்தப் பணிவு எங்கே போனது? பெட்டி பேசக் கூடாது என்று மூன்று வருடம் சட்டம் அடித்தவன், கேட்கிற பெட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் வேட்டி கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். அம்மா போடும் காபியைத் திரைபோட்டுச் சோதிக்கப் போவதில்லை. அதை நம்பி யாரையும் செலவு செய்யச் சொல்லவும் போவதில்லை. இன்னொருவன் தன் காசையோ நம்பிக்கையையோ என் வார்த்தைமேல் வைக்கிற இடத்தில்தான் அந்தக் கடமை வருகிறது.

அன்று சாயங்காலமே அந்தத் தம்பிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆனா எனக்கு நல்லாவே கேக்குதுண்ணா. நீங்க சொன்ன மாதிரியே, திரை விலகுன மாதிரி" என்றான்.

பக்கத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சித்தப்பா என்னைப் பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை வர்றேன்டா, பழசத் தூக்கிப் போட்றாத" என்று சொல்லி போனை வைத்தேன். அவர் சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.