உடலில் தீண்டத்தகாத உறுப்பு உண்டோ?

சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமியன்று சித்தூரில் தரும உபதேசம் முடிந்து அன்பர்கள் கலைந்த பின்னர், மாம்பழக்கூழ் ஆலையில் கூலிவேலை செய்யும் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். நாற்பது வயதைக் கடந்தவர்; இரு பிள்ளைகளுக்குத் தகப்பனார். நெடுநேரம் அவருக்குப் பேச்சு எழவில்லை. பிறகு, "ஐயா, இவ்வுடல் அசுத்தமென்று நம் தருமம் சொல்லுகிறதே, ஆகையால் என் உடலை நான் வெறுப்பது சரிதானே?" என்று கேட்டார். கேள்வி தத்துவமாகத் தோன்றிற்று. விசாரித்தபோது அதனுள் ஒரு நோய் ஒளிந்திருந்தது.

ஆண்குறியின் முன்தோல் இறுகி, பின்னே தள்ள இயலாமல், வெடித்துப் புண்ணாகியிருந்தது. இரண்டு வருஷமாக மனைவிக்கும் மறைத்திருக்கிறார். திருப்பதிக்குப் போயிருந்த சமயம் சுவரொட்டியொன்றைக் கண்டு, விடுதி அறையில் தங்கியிருந்த ஒரு 'வைத்தியரிடம்' சென்றார். அந்த மனிதர் புண்ணைச் சரியாகப் பார்க்கவுமில்லை. வாலிபத்தில் விந்து வீணானதே காரணம் என்றும், உறுப்பே சிறுத்துவிட்டது என்றும் கூறி, லேகியத்திற்கு ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு துயரோடு போனவர் இரண்டு துயரோடு திரும்பினார். இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆயினும் நம் வெட்கம் உள்ளவரை அவர்களுக்கு வியாபாரம் குறையாது.

விந்து என்பது உடல் இடைவிடாது உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பொருள். உறக்கத்தில் வெளிப்படுவதால் எலும்பும் உருகாது, ஆயுளும் குறையாது. இந்த அச்சத்தையே ஒரு மனநோவாகக் கண்டு, 1960-இல் டாக்டர் விக் என்னும் இந்திய மனநல மருத்துவர் அதற்குப் பெயரிட்டார். அளவைப் பற்றிய கவலையும் அப்படிப்பட்டதே. 15,000-க்கு மேற்பட்ட ஆண்களை மருத்துவப் பணியாளரே அளந்த ஆய்வுகள் 2015-இல் தொகுக்கப்பட்டன. எழுச்சியுற்ற நிலையில் சராசரி 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். குறையென்று கருதி மருத்துவரை நாடுவோரில் மிகப் பெரும்பாலோர் இயல்பான அளவினரே.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். உடலின் முப்பத்திரண்டு கூறுகளைத் தியானிக்கும் முறையைப் பகவன் உபதேசித்தபோது ஓர் உவமை சொன்னார். பலவகைத் தானியம் நிறைந்த பையைக் கண்ணுள்ளவன் ஒருவன் அவிழ்த்து, இது நெல், இது பயறு, இது எள் என்று கண்டறிகிறான். அவன் நெல்லை மோகிப்பதுமில்லை, எள்ளை அருவருப்பதுமில்லை, பார்க்கிறான், அவ்வளவே. வைசாலியில் பிக்குகள் சிலர் இதைத் தவறாக ஏற்று, உடலை அளவிறந்து வெறுத்து உயிரையே மாய்த்துக்கொண்டனர் என்று விநயம் கூறுகின்றது. அதனையறிந்த பகவன் எஞ்சியவர்களுக்கு மூச்சைக் கவனிக்கும் தியானத்தைக் கற்பித்தார். வெறுப்பு அவர் காட்டிய வழியன்று.

மகத மன்னன் பிம்பிசாரனுக்குப் பவுத்திரம் கண்டு ஆடையில் இரத்தம் படிந்தது. அரசருக்குத் தூரம் வந்துவிட்டது, விரைவில் பிள்ளை பெறுவார் என்று ராணிகள் நகைத்தனர். மன்னன் நாணினான், ஆனால் நாணத்தோடு முடங்கிவிடாமல் அபய குமாரனிடம் கூறினான். ஜீவகர் வந்து மருந்திட்டுக் குணப்படுத்தினார். ஆனந்தரின் உபாத்தியாயரான பேலட்டசீசருக்குச் சிரங்கு கண்டு, கசிந்த நீரில் சீவரம் உடலோடு ஒட்டிக்கொண்டது. பிக்குகள் நீர் தெளித்து அதைப் பிரிப்பதைப் பகவன் கண்டார். முகஞ்சுளிக்காமல் விசாரித்து, அத்தகைய நோயாளர் தொப்புளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலுமாகத் தனித்துணி உடுக்க அனுமதித்தார். உலகத்தைத் துறந்தவர்களின் இடுப்புக்குக் கீழுள்ள புண்ணுக்கு விதி வகுத்த ஆசிரியரை நாம் பெற்றிருக்கிறோம்!

நமக்கும் இதில் குற்றமுண்டு. ஆலையில் நெசவுக்கூடத்தில், நூல் அறாதிருக்க நாள் முழுதும் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். நனைந்த கோவணத்தோடு எட்டு மணி நேரம் நின்று, தொடையிடுக்கில் படை பற்றிற்று. ஆலை மருத்துவரிடம் காட்ட வெட்கி, கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அரிப்பு அடங்கிற்று, படையோ வயிறுவரை பரவிற்று. அந்த நாட்களிலேயே மேடையேறி, எம்மைத் தொட்டால் தீட்டு என்று சொன்னவர்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஊரார் நம்மீது சுமத்திய தீட்டைத் தூக்கியெறிந்த நாம், நம் உடலிலேயே ஒரு சேரியை ஒதுக்கி வைத்து, அங்கே நம் கையும் கண்ணும் போகலாகாது என்று விலக்கியிருந்தோம். இதை அப்போது உணரவில்லை.

செய்யவேண்டியது பெரிதல்ல. தினமும் முன்தோலைப் பின்தள்ளி வெறும் நீரால் கழுவி ஈரம் ஒற்றுதல். சிறுவர்களுக்கு அது தானே விலகும் வரை பலவந்தம் கூடாது. குளிக்கையில் விதைகளைத் தடவிப் பார்த்தல். வலியற்ற கட்டி தென்பட்டால் காத்திருக்கலாகாது, விதைப் புற்று வாலிபர்க்கே அதிகம் வருவது. ஆறாத புண்ணும் அப்படியே. இறுகிய தோலும், அதனடியில் சேரும் அழுக்கும், புகையிலையும் குறிப்புற்றுக்கு வழி வகுப்பவை. தொடக்கத்தில் கண்டால் உறுப்பைக் காக்கலாம், முற்றிய பின் வெட்டியெடுக்க நேரும்.

சகோதரரை நாமே திருப்பதி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கச் சொன்னார். மிக அதிகமாக இருந்தது. இவ்வாறு தோல் வெடிப்பதே பலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியாம். சர்க்கரை தணிந்த பின் முன்தோலை அகற்றவேண்டும் என்றதும், அது மதம் மாறியதாகுமோ என்று நம்மிடம் மெல்லக் கேட்டார். ஒருமுறை மாறி வந்தவருக்கு அந்தப் பயம் ஏனோ என்றோம்; இரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆடி மாதம் புண் ஆறிற்று. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குத் தம் தம்பியை அழைத்து வந்து, "ஐயாவிடம் சொல்லடா" என்று முன்னே தள்ளிவிட்டு, தாம் வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.