தன்னிடம் தான் பேசும் வாய்மை

பிறரிடம் பொய் பேசலாகாது என்பதை நாம் இளமையிலேயே கற்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் கற்பிக்கிறோம். அணுவிரதம் ஐந்தனுள் வாய்மையும் ஒன்று. ஆயின், ஒருவர் மனத்துக்குள் தம்மிடமே பேசிக்கொள்ளும் பேச்சுக்கு அவ்விரதம் பொருந்துமா?

விளையாட்டுத் துறையில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. 'என்னால் முடியும்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளுமாறு பயிற்சியாளர்கள் வீரர்களுக்குக் கூறுகின்றனர். முடியுமா என்பது தெரியாத நிலையில் 'முடியும்' என்பது பொய்யன்றோ? பொய்யாயின், அதனால் வரும் வெற்றியை நாம் பாராட்டலாமா?

2014ஆம் ஆண்டு வெளிவந்த பிரிட்டன் நாட்டு ஆய்வு ஒன்று இதற்கு விடை தேட உதவுகிறது. 24 பேர் அதில் பங்கேற்றனர். கடினமான சுமையில், இனி இயலாது என்று தாமே நிறுத்தும்வரை, நிலையாக நிறுத்திய மிதிவண்டியை அவர்கள் மிதித்தனர். பின்னர் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஊக்கச் சொற்களைத் தமக்குள் சொல்லிப் பழகும் பயிற்சி இரண்டு வாரம் அளிக்கப்பட்டது. மறுமுறை மிதித்தபோது அவர்கள் தாங்கிய நேரம் சுமார் 18 விழுக்காடு கூடிற்று. மற்றவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. சுமை குறையவில்லை, சுமை குறித்த உணர்வே குறைந்தது.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். முதல்முறை அவர்கள் 'இனி முடியாது' என்று நிறுத்தியபோது உடலில் வலிமை எஞ்சியிருந்தது. எனின், அவ்விடத்தில் உண்மைக்கு மாறாக நின்றது 'முடியும்' என்ற சொல் அன்று. 'முடியாது' என்ற சொல்லே. நம்பிக்கைச் சொல்லைப் பொய்யோ என ஐயுறும் நாம், சோர்வுச் சொல்லை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். நோன்பு நாளின் நடுப்பகலில் மனம் பேசும் பேச்சை அறிந்த நம் இல்லத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நம் சென்னையே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டி தொடங்கியது. சீன வீரர் டிங் லிரனிடம் பதினெட்டு வயது குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அன்று மின்தூக்கியில் அவரைச் சந்தித்தார் விசுவநாதன் ஆனந்த். ஆழ்வார்ப்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையம் சோவியத் பெயர் தாங்கியிருந்த நாள்களில், அங்கு இயங்கிய டால் சதுரங்க மன்றத்தில் ஆடிப் பழகியவர் அவர். 2010இல் சோபியா நகரில் டோபலோவுடன் ஆடியபோது அவரும் முதல் ஆட்டத்தில் தோற்று, பின்னர்ப் பட்டத்தைக் காத்துக்கொண்டவர். தமக்கு அன்று பதினோரு ஆட்டங்களே எஞ்சியிருந்தன, உனக்கோ பதின்மூன்று உள்ளன என்பதே இளைஞரிடம் அவர் சொன்னதாம். இதனைப் பின்னாளில் வெளியிட்டவர் குகேஷே. மூன்றாம் ஆட்டத்தில் அவர் வென்றார். பன்னிரண்டாம் ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். டிசம்பர் 12 அன்று இறுதி ஆட்டத்தை வென்று உலகப் பட்டத்தை அடைந்தார்.

ஆனந்தின் சொல்லில் புகழுரை இல்லை. 'நீ வெல்வாய்' என்ற வாக்குறுதியும் இல்லை. எவரும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க ஒரு கணக்கே இருந்தது. உள்ளத்துக்குள் வைத்துக்கொள்ளத் தகுந்த சொல் இத்தகையதே. அது வரப்போகும் பயனைப் பற்றிப் பேசுவதில்லை. கையில் உள்ள முயற்சியைப் பற்றிப் பேசுகிறது. நுட்பமான திறன்களுக்கு 'பந்தைப் பார்' என்பது போன்ற செயல்முறைச் சொற்கள் மிகவும் பயன்படுவதாக, 32 ஆய்வுகளைத் தொகுத்த கிரேக்க ஆய்வாளர்கள் 2011இல் எழுதினர். 'பந்தைப் பார்' என்பதில் பொய்க்கு இடமேது?

எல்லை ஒன்றும் உண்டு. களைப்பு வேறு, காயம் வேறு. முழங்கால் வீங்கிய பிள்ளை 'வலி இல்லை' என்று தனக்குச் சொல்லிக்கொண்டு ஓடுவது பொய்யும் ஆகும். தன் உடலுக்கு இழைக்கும் இம்சையும் ஆகும்.

இனி, இச்சொற்கள் எங்கிருந்து வருகின்றன? ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிந்த ரஷ்ய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி, குழந்தை முதலில் பெரியவர்களுடன் பேசி, பின் தனக்குத்தானே உரக்கப் பேசி, இறுதியில் மௌனமாக உள்ளே பேசக் கற்கிறது என்றார். பல்லாண்டு வகுப்பறையில் நாம் கண்டதும் இதுவே. பிள்ளையின் உள்ளே ஒலிக்கும் குரல் முன்பு வெளியே ஒலித்த நம் குரல்தான்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மாலைதோறும் பிள்ளைகளைச் சதுரங்கத்துக்கும் டென்னிசுக்கும் நீச்சலுக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர். தோற்றுத் திரும்பும் வழியில் 'உனக்கு இது வராது' என்பாரும் உளர். 'உன்னை வெல்ல ஆளே இல்லை' என்பாரும் உளர். இரண்டும் வாய்மைக்குப் புறம்பானவை. முன்னது பிள்ளையின் முயற்சியை முடக்கும். பின்னது அடுத்த தோல்வியில் உடைந்துபோகும். எது நடந்தது, இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது, அடுத்துச் செய்வது யாது என்னும் மூன்றை மட்டும் உண்மையாகச் சொல்வோம். நாளை நாம் அருகில் இல்லாத களத்தில், அப்பிள்ளை அதையே தனக்குச் சொல்லிக்கொள்ளும்.