கூச்சத்துக்குக் கொடுத்தா அது தர்மமா?



தைப்பூசம் நெருங்கிட்டாலே நம்ம போடியில் பச்சை வேட்டியும் துண்டும் கண்ணுல பட ஆரம்பிச்சிரும். பழனிக்கு நடந்து போறவங்களுக்கு வழியில் அன்னதானம் போட வசூலும் ஆரம்பிச்சிரும். முன்னாடி நோட்டும் ரசீதும் தூக்கிட்டு வீடு வீடா வருவாங்க. இப்போ வாட்ஸ்அப் குரூப்ல லிஸ்ட். பேர், எதிரே தொகை. கொடுக்காதவன் பேருக்கு எதிரே வெறும் கோடு.

போன வருஷம் எங்க குரூப்ல ஒரு தம்பி பேருக்கு எதிரே அந்தக் கோடு கிடந்துச்சு. அவன் அம்மா விடியக்காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறவங்க. "என்ன தம்பி, முருகனுக்குக் கொடுக்க மனசு வரலையா?"ன்னு ஒரு அண்ணன் விளையாட்டாக் கேட்டார். அன்னைக்கு ராத்திரியே அவன்கிட்ட இருந்து 501 ரூபாய் வந்துச்சு. எல்லாரும் "அரோகரா" போட்டோம். நானும்தான் போட்டேன். அது அவன் வட்டிக்கு வாங்கின காசுன்னு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

அன்னையிலிருந்து மனசுல ஒரே கேள்வி. அவன் செஞ்சது தர்மமா?

"எப்படிக் கொடுத்தா என்ன, பசிச்சவன் சாப்பிட்டான்ல?" என்று கேட்கலாம். நியாயம்தான். இலையில் விழுந்த சோறு யார் காசு என்று பசிக்குத் தெரியாது. ஆனால் ஒருத்தர் பசியை ஆற்ற, அதே கஷ்டத்தில் இருக்கிற இன்னொரு வீட்டை நாம் கடனில் தள்ளிவிட்டோமே! அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம்ம பக்கம் கல்யாணம், காதுகுத்துன்னா செய்முறை உண்டு. யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டுல எழுதுவோம். நாளைக்குத் திருப்பிச் செய்யணும், அதனால எழுதுறோம். அதுல தப்பில்ல. தர்மத்தையும் அதே மாதிரி எழுதி ஊருக்குக் காட்ட ஆரம்பிச்சா, அதுவும் செய்முறை ஆகிப்போகும். பசிச்சவனுக்காகக் கொடுக்கிறது போய், குரூப்ல தலை நிமிர்ந்து இருக்கிறதுக்காகக் கொடுக்கிறதா மாறிடும்.

நேர்த்திக்கடனை யோசிச்சுப் பாருங்க. பால்காவடியோ மொட்டையோ, அவரவர் வாயால வேண்டிக்கிட்டது. ஒருத்தர் வேண்டுதலை இன்னொருத்தர் தலையில் யாரும் ஏத்துறதில்ல. கோயில் உண்டியலும் அப்படித்தான். உள்ளே விழுந்தது பத்து ரூபாயா, பத்தாயிரமா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. முருகன் சந்நிதியிலேயே கேட்காத கேள்வியை நாம ஏன் குரூப்பில் கேட்கிறோம்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2020 கொரோனா காலத்தில், மதுரையில் யாசகம் எடுத்து வாழ்ந்த ஒரு பெரியவர் நிவாரணத்துக்காக 10,000 ரூபாயைக் கலெக்டரிடம் கொடுத்தார். அதோட நிற்கல, திரும்பத் திரும்பக் கொடுத்தார். அவரை யாரும் லிஸ்ட் போட்டு மிரட்டல. அதனால, "கட்டாயப்படுத்துறாங்க, நான் கொடுக்க மாட்டேன்"னு சொல்றதுக்கு முன்னாடி, யாருமே கேட்காம இருந்தா நான் கொடுத்திருப்பேனான்னு ஒரு தடவை கேட்டுக்கணும். சில சமயம் நாம கட்டாயம்னு சொல்றது நம்ம கஞ்சத்தனமாக்கூட இருக்கும்.

உண்மையிலேயே முடியலைன்னா, "இந்தத் தடவை முடியலண்ணே, காய் நறுக்க வர்றேன்"னு தைரியமாச் சொல்லுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. வெட்கப்பட வேண்டியது, முடியாதவனை நாலு பேர் முன்னாடி கேட்கிற நாமதான்.

இந்த வருஷம் நாங்க லிஸ்ட் போடல. சமைக்கிற இடத்தில் மூடி போட்ட ஒரு டின் வச்சோம். வசூல் குறைஞ்சது உண்மை. பாயசம் போட முடியல. சாம்பார் சாதமும் ஒரு பொரியலும்தான். சில அண்ணன்மாருக்கு வருத்தம். ஆனா அந்தத் தம்பி முந்தின நாள் ராத்திரியே வந்துட்டான். விடிய விடிய வெங்காயம் உரிச்சான், காலையில பரிமாறினான், கடைசிப் பந்தியில அவனும் அவன் அம்மாவும் எங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. போன வருஷம் காசு கொடுத்தவன் அந்தப் பக்கமே வரலைங்கிறது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

உங்க குரூப்ல இப்போ ஒரு லிஸ்ட் ஓடிக்கிட்டு இருந்தா, அந்த வெறும் கோட்டுக்குப் பின்னாடி இருக்கிற வீட்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!