இரும்புக் கையும் மூன்றாம் வேற்றுமையும்

தம்பலகாமத்தில் ஒரு கமக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பெரும்போகம் அறுத்து நெல்லும் விற்றாயிற்று. காணியின் மேட்டுப் பக்கம் முழுக்கப் பற்றை. வெட்டிப்போட்ட முள்மரங்களும் சரிந்து கிடக்கும் ஒரு பாலையும் அங்கங்கே அரைவாசி புதைந்த கற்களும் கிடக்கின்றன. அவரிடம் பழைய மசி பெர்குசன் உழவு இயந்திரம் இருக்கிறது, அதன் முன்னால் லோடர் பூட்டியிருக்கிறது. பக்கற்றால் மண் அள்ளலாம். பற்றையை அள்ளினால் பாதி வழியில் சரிந்து விழுகிறது. மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு கவ்வி வேண்டும். வெளிநாட்டில் செய்ததை வாங்கக் காசு இல்லை. அவர் பட்டறைக்குப் போகிறார்.

இந்தத் தேவை திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாகத் திரும்பியபோது, காணியின் எல்லையே தெரியாதபடி காடு வளர்ந்திருந்தது. கத்தியும் கோடரியும் கொண்டு வெட்டுகிற வேலையை ஓர் இரும்புக் கை எத்தனை நாள் குறைக்கும் என்பதை அப்படித் திரும்பியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டறைக்காரர் சிமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் கவ்வியை முழு அளவில் கீறுகிறார். கீறியதைக் காட்போட் மட்டையில் வெட்டி, பக்கற்றின் மேல் வைத்துத் திறந்து மூடிப் பார்க்கிறார். மட்டை முட்டுகிற இடத்தில் நாளை இரும்பும் முட்டும். பிறகு 12 மில்லிமீற்றர் தகட்டில் விரல்களை வெட்டுகிறார். நுனிப் பற்களுக்கு லொறியின் பழைய வில்லுத் தகடு. அதில் கரி அதிகம், அப்படியே ஒட்டினால் ஒட்டின ஓரமே வெடித்துவிடும். ஆகவே முதலில் சூடேற்றுகிறார், ஒட்டியபின் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆற விடுகிறார். அந்தச் சாம்பல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில், ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

உள்விட்டம் 50 மில்லிமீற்றர் உள்ள ஹைட்ரோலிக் சிலிண்டருக்குள் 150 பார் அழுத்தத்தில் எண்ணெய் பாய்ந்தால், அது தள்ளும் விசை ஏறக்குறைய மூன்று தொன். சிலிண்டர் தள்ளும் இடம் கீல் பின்னிலிருந்து 20 சென்ரிமீற்றர், விரல் நுனி 80 சென்ரிமீற்றர் என்றால், நுனியில் நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதுவே 750 கிலோ. நல்ல உடல்பலமுள்ள ஆண் ஒருவரின் கைப்பிடி ஐம்பது கிலோ அளவில் நின்றுவிடும். பதினைந்து பேர் சேர்ந்து பிடிக்கிற பிடியை ஒருவர் ஒரு விரலால் நெம்பைத் தள்ளிப் பெறுகிறார்.

பிடி பதினைந்து மடங்கு கூடியது. உணர்வு மட்டும் ஒரு மடங்குகூட வரவில்லை. நம் கை முட்டையை ஒருவிதமாகவும் மண்வெட்டியை இன்னொரு விதமாகவும் பிடிக்கும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. இரும்புக் கைக்கு மரக்கட்டையும் மனிதக் காலும் ஒன்றுதான். அது எதையாவது நசுக்கிவிட்டால், நசுக்கியது யார்? நெம்பைத் தள்ளியவரா, தள்ளச் சொன்ன காணிக்காரரா, கவ்வியா, பட்டறைக்காரரா?

தமிழ் இலக்கணம் இந்தக் கேள்வியை ஓர் உருபுக்குள் வைத்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' கருவிக்கும் வரும், கருத்தாவுக்கும் வரும் என்கிறது நன்னூல். கோடரியால் வெட்டப்பட்டது, தச்சனால் வெட்டப்பட்டது. உயிருள்ளவனுக்கும் உயிரற்றதற்கும் ஒரே உருபு. கருத்தாவிலும் இரண்டு வகை உண்டு. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அவன் இயற்றுதல் கருத்தா. அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அவன் கல்லையே தொடாத ஏவுதல் கருத்தா.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோணேசர் கோயில் குளக்கோட்டனால் திருப்பணி செய்யப்பட்டது, கந்தளாய்க் குளம் குளக்கோட்டனால் கட்டப்பட்டது என்றுதான் ஊர் மரபு பேசுகிறது. மண் சுமந்தவர்கள் எல்லாரும் அந்த 'ஆல்' ஒன்றுக்குள் அடக்கம். 1622இல் அதே கோயில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சாவால் இடிக்கப்பட்டது. அவரும் ஏவுதல் கருத்தாதான். இடித்த கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின. கல்லை ஏற்றிய அலவாங்கு போன்ற ஒன்றுதான் கல்லை இறக்கியும் இருக்கும். 1950இல் நகரசபையின் ஆட்கள் கிணறு தோண்டியபோது, மண்ணுக்குள் மறைந்திருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடித்ததும் கருவியால், எடுத்ததும் கருவியால். அப்படியானால் கருவிக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை என்று முடித்துவிடலாமா?

சைவ சித்தாந்தம் ஏறக்குறைய அப்படித்தான் முடிக்கும். ஒரு குடம் உண்டாக மூன்று காரணம் வேண்டும். மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை மண், சக்தி திரிகை, சிவன் குயவன். இறைவனே உலகாகத் திரிந்தான் என்று சொல்வோரிடமிருந்து சித்தாந்தி விலகுவது இங்கேதான்: குயவன் ஒருநாளும் குடமாவதில்லை. திரிகை சடம், அறிவுள்ள ஒருவர் சுழற்றாமல் அது சுழலாது. வினை அறிவுள்ளதைத்தான் சேரும். எனவே கவ்விக்கு வினை இல்லை.

சரி. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆள் குறைகிறார். கோடரியால், தச்சனால், அரசனால் என்ற மூன்று வாக்கியத்திலும் கோடரியை அடித்த கொல்லர் இல்லை. குயவனின் திரிகையைச் செய்தவரும் குடத்தின் காரணப் பட்டியலில் வரவில்லை. கருவி செய்தவர் தம் வேலையை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு, வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்.

அவரைத் திரும்ப உள்ளே அழைத்துவரும் வழியும் சித்தாந்தத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தில் ஊன்றிய சற்காரியவாதம் அது. இல்லாதது தோன்றாது, காரணத்தில் இருந்ததே காரியத்தில் வெளிப்படும். உலகத் தோற்றத்தை விளக்க வந்த இந்த விதியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். சூடேற்றாமல் ஒட்டிய பல்லில் முதல் நாளே மயிரளவு வெடிப்பு இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பல் தெறித்துப் பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் படும்போது, அந்த விபத்து அன்று புதிதாகப் பிறக்கவில்லை. அது சூடேற்றாமல் விட்ட அந்த மாலையிலேயே கருவிக்குள் குடியேறிவிட்டது. பட்டறைக்காரரின் கவனமும் கவனக்குறைவும் கருவிக்கு உள்ளே இருந்துகொண்டு, கருவியின் 'ஆல்' வழியாகவே வேலை செய்கின்றன. மூன்றாம் வேற்றுமை அவரை மறக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் பட்டறைக்காரருக்கு இதே பொருள் வேறொரு வாசலால் வந்து சேர்ந்திருக்கும். குர்ஆனின் 34ஆவது அத்தியாயம் தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதைச் சொல்கிறது. போர்க்கவசம் செய்யவும், அதன் வளையங்களை அளவு பிசகாமல் கோக்கவும் அவர் பணிக்கப்படுகிறார். நற்செயல் செய்யுங்கள் என்ற கட்டளையும் அந்த இடத்திலேயே, மூச்சு விடாமல் தொடர்கிறது. அளவு தொழில்நுட்பம், நன்மை மார்க்கம் என்று பிரித்துப் பார்க்க அங்கே இடமில்லை.

அளவு தெரியாத கைக்கு என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. தாய் வழிபடுவதற்காக இராவணன் கோணமலையைப் பெயர்க்க முயன்றான் என்றும், அவன் வாள் பிளந்த இடமே இராவணன் வெட்டு என்றும் தலக்கதை சொல்லும். தாய்க்கு அவன் அந்தியேட்டிக் கிரியை செய்த இடமாகக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காட்டுவார்கள். அவன் கயிலையை எடுத்த கதை இன்னும் பெரியது. கோணமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனை அழைத்துவருவதை வழக்கமாகவே வைத்திருந்தார். வழமையான விளக்கம் அவனுடைய செருக்கைப் பேசும். இரும்புக் கையோடு பழகியவர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும்: இருபது கை இருந்தும் தான் பிடித்தது என்ன எடை என்று அறிய அவற்றில் ஒன்றுக்கும் முடியவில்லை. மேலிருந்து சிவனின் கால் பெருவிரல் ஒன்று அழுத்தியபோதுதான் எடை தெரிந்தது. நசுங்கிக் கிடந்தவன் தன் தலை ஒன்றையும் கை ஒன்றையும் எடுத்து, நரம்பைப் பூட்டி வீணை செய்து பாடினான் என்று கதை முடிகிறது. மலையைப் பிடித்த அதே கை, நரம்பின் முறுக்கை அளந்து பிடிக்கும் கருவியாயிற்று. வீட்டில் செய்த கருவி என்றால் அதைவிட வேறென்ன இருக்கிறது!

புராணம் வேண்டாம் என்பவர்கள் மலையிலிருந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் வேலியன்ட் இந்தத் துறைமுகத்தின் மிதக்கும் தளம் ஒன்றில் ஏற்றப்பட்டது. மிதக்கும் தளம் என்பது நீர்த்தொட்டிகளால் ஆன ஒரு பெருங்கை. தொட்டிகளில் நீரை நிரப்பினால் தாழும், இறைத்தால் கப்பலோடு எழும். கப்பல் வெடிமருந்து நிறைந்து வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. தொட்டிகளை இறைத்த ஒழுங்கு அந்தப் பாரத்துக்குப் பொருந்தவில்லை. தளம் முறிந்து மூழ்கியது. கப்பலின் சுழலிகளும் சுக்கானும் சேதமடைந்தன, வேலியன்ட் அதன்பின் போருக்குத் திரும்பவில்லை. எதிரியின் குண்டு ஒன்றும் படவில்லை. கை எவ்வளவு தாங்கும் என்பதும், எந்த இடத்தில் முதலில் நிமிர வேண்டும் என்பதும் பிழைத்தன.

இதற்கெல்லாம் பயந்து கருவியே வேண்டாம் என்றவர்களும் உண்டு. சீன ஞானி சுவாங்ட்சுவின் நூலில் ஒரு கிழவர் குடத்தில் தண்ணீர் சுமந்து தோட்டத்துக்கு ஊற்றுகிறார். துலா பூட்டினால் இலகு என்று கன்பூசியஸின் சீடர் சொல்ல, அது தனக்கும் தெரியும், ஆனால் இயந்திரம் வைத்திருப்பவனுக்கு இயந்திர மனமும் வந்துவிடும் என்று மறுக்கிறார். துலா மிதித்து வெங்காயம் வளர்த்த நம் பாட்டன்மாருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும். காந்தியும் இயந்திரத்தின் மேல் கடுமையானவர்தான். ஆனாலும் 1924இல் பேசும்போது தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். கருவியை எடைபோட அவர் ஓட்டுபவரைப் பார்க்கவில்லை, செய்தவரின் நெஞ்சைப் பார்த்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அந்த நெஞ்சு இரும்பில் எங்கே இருக்கும்? கவ்வியில் அதைத் தொட்டே காட்டலாம். அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு ஒன்று. குழாய் வெடித்தாலும் பிடித்தது நழுவாமல் நிறுத்தும் பூட்டு வால்வு ஒன்று. பின்னால் கொங்கிரீற் நிரப்பிய ஒரு பீப்பாய். இந்தப் பீப்பாயைத்தான் பலர் வீண் பாரம் என்று கழற்றிவிடுகிறார்கள். இந்தப் பழைய உழவு இயந்திரங்களில் பிரேக் பின் சில்லுகளில் மட்டும் இருக்கும். முன்னால் பாரம் கூடப் பின் சில்லு நிலத்தை விட்டு இலேசாகும். சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால், பிடிக்க நிலமே இருக்காது. ரிலீஃப் வால்வின் ஸ்குரூவை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினால் கவ்வி இன்னும் பலமாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்த இரண்டு சுற்றில்தான் பட்டறைக்காரர் யார் என்பது முடிவாகிறது. கைக்கு இருந்த உணர்வை இரும்புக்குக் கொடுக்க முடியாது. எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே அதற்குள் வைக்கலாம்.

ஆயுத பூசையன்று பட்டறையில் கிறைண்டரையும் வெல்டிங் பெட்டியையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூ வைப்பார்கள். அன்று அவற்றை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. ஆண்டு முழுவதும் 'ஆல்' ஏற்று நின்ற கருவி அந்த ஒரு நாள் உருபு இல்லாமல் எழுவாயாக நிற்கிறது. அதன் முன்னால் கும்பிடுபவர், அதற்குள் தான் வைத்தது என்ன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

வீட்டிலோ பட்டறையிலோ இப்படி ஒன்றைச் செய்யும் யாருக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்கு விடுமுன் எடை தெரிந்த ஒரு பாரத்தை நிலத்திலிருந்து ஓரடி மட்டும் தூக்கி, ரிலீஃப் வால்வு திறக்க வேண்டிய இடத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரம் கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவரும் நிற்க வேண்டாம். பிறகு எத்தனை கிலோ வரை தூக்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயின்ரால் அதன் மேலேயே பெரிதாக எழுதுங்கள். நாளை அதை ஓட்டப்போவது அயலூர்ப் பையனாக இருக்கலாம். அந்த எழுத்துக்குக் கீழே செய்தவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.