பயணம் யாருக்கு உரியது?

இன்பத்துக்காகப் பயணம் செய்வது அறத்தோடு தொடர்புடைய செயலா என்று எவரேனும் வினவினால் நம்மிற் பலர் நகைக்கக்கூடும். உழைத்துப் பொருளீட்டியவன் விடுமுறையிலே நான்கு ஊர்களைப் பார்த்து வருகிறான். இதிலே அறம் எங்கே வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். கடந்த ஆவணி மாதத்திலே, குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரம் அந்த எண்ணத்தைக் குலைத்துவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் தமிழரும், நாகதீப விகாரைக்குச் செல்லும் சிங்களவரும் நயினாதீவுப் படகுகளிலே நெருக்கியடித்து ஏறிப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். நெடுந்தீவுப் படகு மட்டும் வந்தபாடில்லை. அரிசி மூட்டை, எரிவாயு உருளை, சீமெந்துப் பை, மருந்துப் பொதி ஆகியவற்றோடு தீவு மக்கள் நிழல் தேடி ஒதுங்கியிருந்தனர். அவர்களிடையே பாரிசிலிருந்து வந்த ஒரு தம்பதியரும் இருந்தனர். கணவர் நெடுந்தீவிலே பிறந்தவர். ஐம்பது வயதை எட்டியவர். பாரிசில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டிலே இருபத்தைந்து ஆண்டுகளாக உழைப்பவர். மனைவி, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்காக விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுபவர். ஊருக்கு வருவதற்குச் சில வாரங்களின் முன்னர், மணமான நாள் தொட்டு முதன்முறையாக, இருவரும் ‘சும்மா பார்க்கவென்று’ ஒரு பயணம் போய் வந்திருந்தனர். பன்னிரண்டு நாட்கள், ஐந்து நகரங்கள்: லிஸ்பன், ரோம், புடாபெஸ்ட், பிராக், ஆம்ஸ்டர்டாம். எல்லாம் மலிவு விமானங்களிலே. ஒரு நகரத்திலிருந்து மறு நகரத்துக்குச் செல்லும் கட்டணம், தம் உணவகத்திலே ஒருவர் ஒருவேளை உணவுக்குக் கொடுக்கும் தொகையிலும் சில வேளை குறைவாக இருந்தது என்று கணவர் வியந்து கூறினார்.

கைத்தொலைபேசியிலே படங்களைக் காட்டினார். ஒரு படத்திலே, ‘டெல்ஃப்ட்’ என்று எழுதப்பட்ட புகையிரத நிலையப் பலகையின் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். “எங்கடை ஊர்ப் பேர்தானே, பாக்காமல் வரேலுமே?” என்றார். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். எங்கும் போகாமலேயே ஒல்லாந்து நாட்டின் பாதி நகரங்களிலே குடியிருக்கும் பேறு தீவகத்தாருக்கு மட்டுமே கிட்டியது போலும்!

பிராக் நகரத்துப் படம் வந்தபோது அவருடைய குரல் தாழ்ந்தது. 1990களின் பிற்பகுதியிலே அவர் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் மொஸ்கோ வழியாக ஐரோப்பாவுக்குப் போனவர். அந்த நகரத்திலே இருபத்துமூன்று நாட்கள் பதினொருவரோடு ஓர் அறையிலே பூட்டிவைக்கப்பட்டிருந்தார். யன்னற்சீலையை விலக்கவும் அனுமதியில்லை. பின்னர் ஓரிரவு காட்டுவழியாக நடந்து ஜேர்மனிக்குள் நுழைந்தார். “இருபத்துமூண்டு நாள் இருந்தும் அந்த ஊரிலை ஒரு தெருவையும் காணேல்லை. இந்தமுறைதான் பாத்தன்” என்றார். செக் நாடு 2007 டிசெம்பரிலே ஷெங்கன் வலயத்திற் சேர்ந்துவிட்டது. பாரிசுக் குடிமகனாக இம்முறை அவர் அங்கே சென்றிறங்கியபோது எல்லைக் காவலர் எவரும் அவரை நிறுத்தவில்லை.

கேட்டிருந்த எம் நெஞ்சு நெகிழ்ந்தது. ஆயின் அடுத்த கணமே, பக்கத்திலிருந்த ஓர் இளைஞன் தானும் போக எண்ணியிருப்பதாகக் கூற, அவர் சொன்ன விடை எம்மைத் திடுக்கிட வைத்தது. “இப்ப போய்ப் பிரயோசனமில்லைத் தம்பி. கண்டபடி எல்லா நாட்டுச் சனமும் வந்து அங்கை எல்லாம் பழுதாப் போச்சு. எல்லையை இறுக்கிப் பூட்டினால்தான் சரிவரும்.”

அவருடைய பெரியம்மா அருகிலேயே அரிசி மூட்டையின் மேல் சாய்ந்திருந்தார். ஐரோப்பிய நாடொன்றிலே வாழும் தம் மகளின் பிரசவத்துக்குப் போக விரும்பி, கொழும்புக்கு இருமுறை அலைந்து விசாவுக்கு விண்ணப்பித்தவர். திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள். கட்டிய பணமும் மீளவில்லை. பேரப்பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அந்த மூதாட்டி கோபமின்றியே கேட்டார்: “நான் திரும்பி வரமாட்டன் எண்டு அவை எப்பிடி மோனை நினைச்சவை? என்ரை ஆடு மாட்டை ஆர் பாக்கிறது?”

ஒருவரும் விடை கூறவில்லை. இக்கட்டுரை அந்த வினாவுக்கு விடை தேடும் ஒரு முயற்சியே.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். அத்தம்பதியரின் உல்லாசப் பயணத்தை வீண் ஆடம்பரம் என்று பழிப்பவரோடு நமக்கு உடன்பாடில்லை. ஏழை உழைக்கலாம், சேமிக்கலாம், கோயிலுக்குப் போகலாம். ஆனால் அழகைக் காண்பதற்காக மட்டும் ஊர்சுற்றலாகாது என்னும் கொள்கை, ஓய்வு தமக்கே உரியதென்று கருதிய மேல்தட்டினரின் கொள்கையாகும். பிரெஞ்சுத் தொழிலாளர் 1936ஆம் ஆண்டிலே ஆலைகளை முடக்கிப் பெருவேலைநிறுத்தம் செய்த பின்னரே, ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை அங்கே சட்டமாயிற்று. அதற்கு முன் கடலையே கண்டிராத தொழிலாளர் குடும்பங்கள் அவ்வாண்டுக் கோடையிலே சலுகைக் கட்டணப் புகையிரதங்களில் ஏறிக் கடற்கரைகளைக் கண்டன. 1982இலே அவ்விடுமுறை ஐந்து வாரமாக வளர்ந்தது. நம் தீவுத் தம்பதியர் துய்த்த பன்னிரண்டு நாட்கள் எவரும் இட்ட பிச்சையல்ல. அந்தப் போராட்டத்தின் கனி. விடியற்காலை நான்கு மணிக்குத் துடைப்பத்தோடு புறப்படும் பெண்மணி ரோம் நகரத்து நீரூற்றின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தாள் எனில் அதனால் உலகம் சிறிதேனும் சீரடைந்துள்ளது என்றே கொள்ளவேண்டும்.

எனினும், மலிவு என்பது எப்பொழுதும் ஐயத்துக்குரிய சொல். ஒரு பொருள் அதன் அடக்கவிலையிலும் குறைவாக நமக்குக் கிடைக்குமாயின், எஞ்சிய விலையை வேறெவரோ எங்கோ செலுத்துகிறார் என்பது பொருளியலின் பால பாடம். 1990களிலே ஐரோப்பிய நாடுகள் தம் வானத்தை விமான நிறுவனங்களின் தடையற்ற போட்டிக்குத் திறந்துவிட்டன. மலிவு விமானங்கள் பெருகின. கூடவே ஊழியரின் வேலைப்பளுவும் பெருகியது. தரைவழிச் செல்லும் வண்டிகளின் எரிபொருளுக்குக் கடும் வரி விதிக்கும் அரசுகள், 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையை ஒட்டி வளர்ந்த வழக்கத்தினாலே, நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்கு வரி விதிப்பதில்லை. 2018ஆம் ஆண்டிலே உலக மக்களுள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே விமானத்தில் ஏறினர் என்றும், நாடு கடந்து பறந்தோர் மிகுந்தால் 4 விழுக்காட்டினரே என்றும் 2020இலே வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்தச் சிலர் வெளிவிடும் புகையோ அனைவரின் வானத்திலும் படிகிறது. நெடுந்தீவின் நன்னீர், மழைநீர் கீழிறங்கி உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. கடல் உயருமாயின் அந்தப் படலம் கெடும். ஒரு நாளும் விமானத்தில் ஏறாத மூதாட்டியின் கிணறு, எவரோ பறந்த பறப்புக்கு ஈடு செலுத்த நேரிடும்.

இதுவும் முழு விடையன்று. விலையைச் சீராக்கலாம்; வரியை விதிக்கலாம்; குறுந்தூரத்துக்குப் புகையிரதத்தை நாடலாம். அவற்றைச் செய்த பின்னரும் பெரியம்மாவின் வினா அவ்விடத்திலேயே நிற்கும். ஏனெனில் அவரைத் தடுத்தது பயணச்சீட்டின் விலையன்று, கடவுச்சீட்டின் நிறம்.

1948ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரை, எந்த நாட்டை விட்டும் வெளியேறும் உரிமை மனிதன் ஒவ்வொருவனுக்கும் உண்டு என்கிறது. ஆனால் மற்றொரு நாட்டினுள் நுழையும் உரிமை பற்றி அது வாய்திறக்கவில்லை. வெளியே செல்லக் கதவுண்டு; உள்ளே புகக் கதவில்லை. இடையிலே மனிதன் நிற்கவேண்டிய இடம் எது? வானமா, கடலா?

கடல் என்றதும் தீவகத்தார் மறக்கவொண்ணாத ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புங்குடுதீவு நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலிலே வழிமறிக்கப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் உட்பட 20இற்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அன்றாட அலுவலுக்காகக் கடலைக் கடந்தவர்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சரியாக முப்பது நாட்களின் பின்னர், 1985 ஜூன் 14ஆம் நாள், மற்றொரு படகிலே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. லக்சம்பேர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே, மொசெல் ஆற்றிலே நின்ற ‘பிரின்செஸ் மாரி அஸ்திரித்’ என்னும் கப்பலில் ஐந்து நாடுகளின் பேராளர் கூடினர். பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, பெல்ஜியம், லக்சம்பேர்க் ஆகியவற்றோடு, நம் தீவுகளுக்குத் தன் நகரங்களின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தும் அவற்றுள் ஒன்று. தம் மக்கள் ஒருவர் நாட்டினுள் ஒருவர் தடையின்றிச் சென்று வரலாம் என்று அங்கே கையொப்பமிட்டனர். தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள் அவை. எல்லைக் கோட்டை அழிப்பது கனவன்று, கைகூடும் செயல் என்று அவை நிறுவின. இது மானிடத்தின் வெற்றி. இதனை நாம் போற்றவே வேண்டும். ஆயின் உள்ளெல்லைகள் மறைந்த அளவுக்கு வெளியெல்லை உயர்ந்தது. குமுதினியிலே உறவினரை இழந்தோரும் அவர்தம் அயலவரும் உயிர்தப்பி அந்த வெளியெல்லையை அடைந்தபோது, அவர்களுக்கு வாய்த்தவை காட்டுவழியும் பூட்டிய அறையுமே.

இரண்டு படகுகளையும் ஒருசேர நினைப்பவர்க்கு ஓருண்மை புலனாகும். தடையின்றிப் பயணம் செய்வது ஒருவருடைய ஆற்றலுக்குக் கிடைத்த பரிசன்று. எந்தக் கரையிலே பிறந்தோம், எந்த ஆண்டிலே எந்தக் கதவு சிறிது திறந்திருந்தது என்னும் தற்செயலின் விளைவே அது. பாரிசிலிருந்து வந்த அன்பரிடம் முதலிலே கொடுக்கப்பட்டிருந்தது அகதிக்குரிய பயண ஆவணம். பிறந்த நாடு தவிர்ந்த நாடுகளுக்கே அது செல்லும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பெற்ற நாளிலே அவர் முன்னையிலும் நல்ல மனிதராகிவிட்டாரா? அல்லரே! அதே மனிதர், அதே கைகள். கையிலிருந்த தாள் மட்டுமே மாறியது.

ஆகவே குற்றம் ஐந்து நகரங்களைக் கண்டதிலே இல்லை. தாள் தந்த வசதியைத் தன் தகுதியென மயங்குவதிலே குற்றம் தொடங்குகிறது. தான் நுழைந்த வாயிலைத் தனக்குப் பின் அடைத்துவிடக் கோரும்போது அது முற்றுகிறது. வந்தேறியவன் தனக்குப் பின் வருபவனை வெறுப்பது புதுமையன்று. தொழிலாளி தொழிலாளியைப் போட்டியாளனாகக் காணும்படி அமைந்த சமுதாயத்திலே, கடைசியாக வந்தவனே எல்லார்க்கும் எளிதான எதிரி. சமையற்கட்டிலே அவருக்கு அருகில் பாத்திரம் கழுவும் ஆபிரிக்க இளைஞனும் எங்கோ ஓர் அறையிலே யன்னற்சீலையை விலக்க அஞ்சி இருந்தவனே. அவனை விலக்கப் பூட்டும் பூட்டுத்தான் பெரியம்மாவையும் விலக்குகிறது. இரண்டுக்கும் ஒரே சாவி. இதனை நம்மவர் உணரார் எனில், அவர்கள் ஐம்பது நகரங்களைப் பார்த்தும் பயன் யாது?

நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று நம்மிற் பலர் நம்பிவருகின்றனர். அந்த நம்பிக்கையின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், காப்பியம் கூறும் செய்தி கருதத்தக்கது. வான்வழியே செல்லும் மந்திரத்தை மணிமேகலை அத்தீவிலேதான் பெற்றாள். பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியையும் அங்கேயே பெற்றாள். பறக்கும் ஆற்றலைப் பெற்றவள் கையிலே பாத்திரத்தையும் ஏந்திப் புறப்பட்டாள் என்று கூறிய புலவன், ஆற்றலையும் கடமையையும் பிரித்துக் காணவில்லை. நம் காலத்து விமானத்திலே மந்திரம் மலிந்துவிட்டது; பாத்திரத்தைத்தான் கைப்பைக்குள் அடங்காதென்று விட்டுவந்துவிட்டோம்.

அப்பாத்திரம் இன்று எவ்வடிவிலே அமையும்? வாக்குரிமை பெற்ற நாட்டிலே, வருவோர்க்கு எதிரான கூச்சலில் நம்மவர் சேராதிருத்தல் ஒன்று. கிழத்தாய் ஒருத்தி தன் பேரனைக் காண வருவதைக் குற்றத்தின் முன்னோட்டமாக எண்ணும் சட்டத்தை மாற்றக் குரல் கொடுத்தல் மற்றொன்று. நோயாளியும் மாணவனும் வேளைக்குக் கரைசேரத் தக்க படகுச் சேவை நெடுந்தீவுக்கு வேண்டும் என்று அரசை வற்புறுத்தல் மூன்றாவது. உலகைச் சுற்றும் உரிமையும் ஊர்த்துறையைக் கடக்கும் உரிமையும் வெவ்வேறல்ல.

நண்பகலை அண்டிப் படகு வந்தது. மக்கள் பொதிகளோடு எழுந்தனர். பாரிஸ் அன்பர் பெரியம்மாவின் அரிசி மூட்டையைத் தோளிலே தூக்கிக்கொண்டார். படகினுள் கால்வைக்கும்போது, எவரையும் பாராமல், “அந்த மறுத்த கடதாசியை வீட்டை போனவுடனை எனக்குக் காட்டுங்கோ பெரியம்மா. திருப்பிப் போட்டுப் பாப்பம்” என்றார்.

ஒரு கடதாசியால் உலகத்தின் வேலிகள் வீழ்ந்துவிடா. எனினும் தான் எவ்வழியே வந்தான் என்பதை மனிதன் நினைத்துப் பார்க்கத் தொடங்கும் இடம் அதுவே.